மழைக்காலத்தில் வந்த வியாபாரிகள்

எந்த நாடு என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு நாட்டில், முன்னொரு காலத்தில், மகரபூபதி என்றோர் அரசர் இருந்தார். கெட்டவர் அல்லர். வரியைக் கூட்டியதில்லை. காரணமில்லாமல் யார்மீதும் படையெடுத்ததில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழக்கம்தான். பொருள் வாங்குவார்.

தினமும் காலையில் அரண்மனை முன்கூடத்தில் வியாபாரிகள் வந்து துணி விரிப்பார்கள். அரசர் சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து அவர்கள் முன்னால் நிற்பார். மூட்டையின் முடிச்சு அவிழும் நேரம்தான் அவருக்கு வேண்டிய நேரம். உள்ளே இருப்பது தந்தச் சீப்பா, வெற்றிலைப் பெட்டியா, பிடியில் மயில் செதுக்கிய வாளா என்பது அவிழ்கிற வரைக்கும் தெரியாது. தெரிந்ததும் கையில் எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். "எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார். அதோடு சரி. அவர் கண் அடுத்த மூட்டையின் முடிச்சுக்குப் போய்விடும்.

வாங்கிய பொருள் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. அரசர் வாங்கும் ஒவ்வொரு பொருளையும் சிவப்புத் துணியில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்து, பண்டகசாலையில் அடுக்க வேண்டும். அரசரே அந்தப் பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்டாலொழிய முத்திரையை யாரும் உடைக்கக்கூடாது. திருட்டுப் போகாமல் இருக்க அரசருடைய பாட்டனார் ஏற்படுத்திய வழக்கம் அது. பாட்டனாரிடம் இருந்த பொருள்கள் கொஞ்சம். எல்லாவற்றின் பெயரும் அவருக்குத் தெரியும். மகரபூபதிக்கோ நேற்று வாங்கியது இன்று நினைவில் இருக்காது. நினைவில் இல்லாததைப் பெயர் சொல்லிக் கேட்பது யாராலும் முடியாத காரியம். ஆகவே பொருள்கள் உள்ளே போயின. வெளியே வரவில்லை.

அரசர் பக்கத்தில் எப்போதும் இருந்த பொருள் ஒன்றே ஒன்று. இளவரசராக இருந்த காலத்திலிருந்து அவர் தண்ணீர் குடிக்கும் பித்தளைச் சொம்பு. ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அதை யாரிடமும் விலைக்கு வாங்கவில்லை. அதனால் அதற்குச் சிவப்புத் துணியும் இல்லை, முத்திரையும் இல்லை. அது இருப்பதை அரசரும் கவனித்ததில்லை.

பண்டகசாலை நிரம்பியது. பிறகு நடனசாலையில் அடுக்கினார்கள். அது நிரம்பியதும் யானைக் கொட்டாரத்தில் அடுக்கினார்கள். யானைகள் வெளியே நின்றன. பெயர் சொல்லிக் கேட்டால் உடனே எடுத்துத் தர வேண்டும் என்பதால் ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கவும் வழியில்லை.

இதையெல்லாம் மேற்பார்வை பார்த்தவர் பண்டகசாலை அமைச்சர் அனந்தராயர். கோட்டை வாசலில் நுழையும் ஒவ்வொரு வியாபாரியும் அவரைத் தனியாகக் கவனித்துவிட்டுத்தான் உள்ளே வருவான். அவரும் பதிலுக்கு ஓர் உதவி செய்வார். மூட்டை அவிழ்ந்ததும் பொருளைப் பார்த்து, தலையை மெல்ல ஆட்டி, "இப்படி ஒன்று இந்த நகருக்கு வந்ததே இல்லை" என்பார். பல ஆண்டுகள் சொல்லிச் சொல்லி, முடிச்சு அவிழும் சத்தம் கேட்டாலே அந்த வாக்கியம் தானாக வந்துவிடும் என்கிற நிலைக்கு வந்திருந்தார்.

அந்தச் சபையில் உத்தண்டி என்று ஒரு விகடகவி இருந்தான். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அரசர் அவன் பேச்சுக்குச் சிரிக்கும்போதெல்லாம் அனந்தராயர் தம் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொள்வார். அவருக்கு அவனைப் பிடிக்காது என்பதைச் சபை அப்படித்தான் தெரிந்துகொண்டது.

ஒருநாள் அனந்தராயர் சபையில் எழுந்து, யானைக் கொட்டாரமும் நிரம்பிவிட்டது, இனிக் கீழைத் தெருவைக் காலி செய்துதான் பொருள்களை வைக்க வேண்டும் என்றார். கீழைத் தெருவில் இருந்தவர்கள் அரண்மனைப் பணியாளர்கள். சமையல்காரர், முரசு அடிப்பவர், பூக்கட்டுபவர், விளக்கேற்றுபவர். உத்தண்டியின் வீடும் அங்கேதான். அந்தத் தெருவைவிட்டால் அவர்களுக்கு வேறு இடம் கிடையாது.

உத்தண்டி கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

"அரசே, கீழைத் தெருவில் இப்போது மனிதர்களை அடுக்கி வைத்திருக்கிறோம். அவர்களைச் சுற்றியும் சிவப்புத் துணியைக் கட்டி முத்திரை வைத்துவிட்டால், எடுக்க வேண்டிய அவசியம் வராது. அவர்களையும் அமைச்சர் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம்."

சபை சிரித்தது. அரசரும் கொஞ்சம் சிரித்துவிட்டு, மழைக்காலம் முடியட்டும், பார்க்கலாம் என்றார். அனந்தராயர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

மழைக்காலம் வந்தது. அந்த வருஷம் பலமாகவே வந்தது. ஆற்றில் தோணி விட முடியவில்லை. பாதைகள் சேறாகின. வியாபாரிகள் வருவது நின்றது.

முதல் இரண்டு நாள் அரசர் பொறுத்துக்கொண்டார். பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் வழக்கம்போல முன்கூடத்துக்கு வந்து, ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வைத்தியர்கள் நாடி பிடித்துப் பார்த்து, நோய் ஒன்றும் இல்லை என்று தயக்கத்தோடு சொன்னார்கள். நோய் இல்லை என்று அரசரிடம் சொல்வதும் ஆபத்துதான்.

அனந்தராயருக்கு வேளை வந்தது. வியாபாரத்தைச் சபையில் கேலி செய்த வாய்தான் வியாபாரிகளை விரட்டிவிட்டது என்று அரசரிடம் சொன்னார். உத்தண்டி கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அவனே வியாபாரிகளை வரவழைக்கட்டும் என்றும் சொன்னார். பசியோடும் சலிப்போடும் இருந்த அரசருக்கு அது நியாயமாகப் பட்டது. உத்தண்டியை அழைத்தார்.

"நாளை முதல் தினமும் ஒரு வியாபாரி இந்தக் கூடத்தில் துணி விரிக்க வேண்டும். அவன் கொண்டுவரும் பொருள், இந்தச் சபையில் யாரும் அதுவரை பார்த்திராததாக இருக்க வேண்டும். பாதை திறக்கும் வரைக்கும் இப்படி நடக்க வேண்டும். ஒரு காலை தவறினாலும் கீழைத் தெரு அன்றைக்கே காலியாகும். நீயும் அவர்களோடு ஆற்றைக் கடந்து போய்விட வேண்டும்."

"ஆற்றைக் கடக்க இப்போது வழியில்லையே அரசே."

"அது உன் கவலை."

உத்தண்டி வணங்கினான். ஒரே ஒரு சலுகை கேட்டான். தினமும் மாலையில் வந்து ஒரு கேள்வி கேட்பேன், அதற்கு மட்டும் அரசர் பதில் சொல்ல வேண்டும் என்றான். அரசர் ஒப்புக்கொண்டார். அவன் முதல் கேள்வியை அங்கேயே கேட்டான்.

"நாளைக் காலையில் என்ன பொருளைப் பார்த்தால் தங்கள் மனம் மகிழும்?"

அரசர் யோசித்தார். இதுவரை அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கொண்டுவந்து காட்டினார்கள், அவர் வாங்கினார். வெளியே மழையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஒரு குடை. கைப்பிடியில் வேலைப்பாடு உள்ள குடை."

உத்தண்டி நேராகப் பண்டகசாலைக்குப் போனான். அங்கே காவலன் சடையன் உட்கார்ந்திருந்தான். வழக்கத்தை மீறி யாருக்கும் ஒரு துரும்பைக்கூடக் கொடுக்காதவன் என்று பெயர் வாங்கியவன்.

"ராஜா பேர் சொல்லிட்டாரு. குடை வேணுமாம்" என்றான் உத்தண்டி.

"எந்தக் குடை?"

"அது சொல்லலை. கைப்பிடியில வேலைப்பாடு இருக்கணும்னாரு. காலையில அவர் கைக்குப் போகணும்."

சடையன் நெடுநேரம் யோசித்தான். பெயரைச் சொல்ல வேண்டும் என்றுதான் வழக்கம். பெயரைச் சொல்லியாகிவிட்டது. பொருள் அரசரிடம்தான் போகிறது. அவன் எழுந்து கதவைத் திறந்தான். அவன் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு பொருளை வெளியே எடுக்க அந்தக் கதவு திறந்தது அதுதான் முதல்முறை.

உள்ளே ஒரு மூலை முழுவதும் குடைகள். பட்டுக்குடை, ஓலைக்குடை, முத்துக் கோத்த குடை. எல்லாம் சிவப்புத் துணிக்குள் நனையாமல் இருந்தன. ஊர்தான் நனைந்துகொண்டிருந்தது.

உத்தண்டி வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி பூரணி கூரை ஒழுகும் இடத்தில் பானையை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். செய்தி அவனுக்கு முன்னால் வந்திருந்தது.

"ஏங்க, தெருவே பேசிக்கிட்டிருக்கு. நான் மூட்டை கட்டணுமா, வேண்டாமா?"

"கட்டு. ஆனா முடிச்சை இறுக்கிப் போடாதே."

"இந்தக் கிண்டலை எல்லாம் அரண்மனையிலயே வெச்சுக்குங்க. ராஜா சம்பளம் குடுத்துட்டுச் சிரிக்கிறாரு. நான் எதுக்குச் சும்மா சிரிக்கணும்?"

உத்தண்டி நடந்ததைச் சொன்னான். பண்டகசாலையில் இருப்பதை அரசர் ஒருமுறை திருப்பிப் பார்த்து மறந்துவிட்டார், சபையில் மற்றவர்கள் அந்த அளவுகூடக் கவனித்ததில்லை, ஆகவே நாளைக்கு வரும் குடை புதுக்குடைதான் என்றான். துணி விரிக்கப் போவது சமையல்காரர் ஐயாக்கண்ணு என்றும் சொன்னான்.

பூரணி பானையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "தினமும் அவரு கையால சாப்பிடறவரு. மூஞ்சி தெரியாதா?"

"ராஜா எந்த வியாபாரி மூஞ்சியையும் பார்த்து நான் பார்த்ததில்லை. மூட்டையைத்தான் பார்ப்பாரு. அமைச்சருக்கோ நம்ம தெருக்காரங்க யாருன்னே தெரியாது."

மறுநாள் காலையில் பெரிய தலைப்பாகையும் ஒட்டுமீசையுமாக ஐயாக்கண்ணு முன்கூடத்தில் துணி விரித்தார். அரசர் வழக்கம்போல மூட்டையைப் பார்த்துக்கொண்டே, எந்த நாடு என்று கேட்டார்.

"கடலுக்கு அந்தாண்ட, மகாராஜா."

"கடல் இப்போது எப்படி இருக்கிறது?"

ஐயாக்கண்ணு கடலைப் பார்த்ததில்லை. தனக்குத் தெரிந்ததை வைத்துச் சமாளித்தார். "கொதிச்சுக்கிட்டிருக்கு மகாராஜா. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

அரசர் தலையசைத்தார். முடிச்சு அவிழ்ந்தது. குடையின் கைப்பிடியில் அன்னம் ஒன்று கழுத்தை வளைத்திருந்தது. உத்தண்டி தோற்றுப்போவதைப் பார்க்க வந்திருந்த அனந்தராயரும் எட்டிப் பார்த்தார். "இப்படி ஒன்று இந்த நகருக்கு வந்ததே இல்லை" என்று அவர் வாய் சொல்லிவிட்டது.

அரசர் குடையை விரித்தார். மடக்கினார். மறுபடி விரித்தார். இரவெல்லாம் எதிர்பார்த்திருந்த பொருள் என்பதால் உடனே கீழே வைக்க மனம் வரவில்லை போலும். அல்லது, பார்ப்பதற்கு அடுத்த மூட்டை இல்லாததுதான் காரணமாகவும் இருக்கலாம். எது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எப்படியோ, அன்று மதியம் அவர் நன்றாகச் சாப்பிட்டார். வியாபாரியே வந்து சமைத்துப் பரிமாறியதும் அவருக்குத் தெரியவில்லை.

விலையாகக் கொடுத்த பணமுடிப்பை உத்தண்டி ஐயாக்கண்ணுவிடமிருந்து வாங்கி, குடையின் மடிப்புக்குள் சொருகினான். சடையன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புத் துணி சுற்றி முத்திரை வைத்தான். குடை பழைய இடத்துக்குப் போனது. பண்டகசாலையில் ஒரு பொருளும் கூடவில்லை, குறையவுமில்லை.

இப்படியே நடந்தது. மாலையில் அரசர் கிளிக்கூண்டு என்பார். காலையில் முரசு அடிக்கும் சுடலை மலைநாட்டு வியாபாரியாக வந்து கூண்டை வைப்பார். மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாததால் அவர் விலை சொன்னது கோட்டை வாசல் வரைக்கும் கேட்கும். இன்னொரு மாலை அரசர் முகம் பார்க்கும் கண்ணாடி என்றார். அதுவும் வந்தது. ஒவ்வொரு முறையும் அனந்தராயர் தம்மை அறியாமலே தம் வாக்கியத்தைச் சொன்னார். மழைக்காலத்தில் வருகிறவர்கள்தான் நல்ல வியாபாரிகள், கேட்டதைக் கொண்டுவருகிறார்கள் என்று அரசர் சபையில் பாராட்டினார்.

அனந்தராயருக்கு மட்டும் நிம்மதி இல்லை. வியாபாரிகள் வருகிறார்கள், ஆனால் வாசலில் ஒருவரும் தம்மைக் கவனிக்கவில்லை. வாசற்காவலரை விசாரித்தார். இந்த மழையில் கோட்டைக்குள் ஈ காக்கைகூட நுழையவில்லை என்றார்கள். தினமும் பொருள் வாங்கியும் பண்டகசாலையில் இடம் குறையவில்லை என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சடையன் சாப்பிடப் போயிருந்த சமயம் பார்த்து உள்ளே போய், முன்தினம் வாங்கிய கண்ணாடி மூட்டையைப் பிரித்தார். கண்ணாடியின் பின்பக்கத்தில், துணி வழியாக இறங்கி ஒட்டிய பழைய அரக்கு முத்திரை காய்ந்து கிடந்தது. அவர் மூட்டையை மறுபடி கட்டிவிட்டு, வெகுநாள் கழித்துச் சந்தோஷமாக நடந்து போனார்.

ஆனால் சடையன் தன் மூட்டைகளை அறிந்தவன். யாரோ முடிச்சைத் தொட்டிருக்கிறார்கள் என்று உத்தண்டியிடம் சொன்னான். நாளைக் காலையில் எல்லாம் முடிவாகிவிடும் என்று உத்தண்டிக்குத் தெரிந்தது.

அன்று மாலையும் அவன் அரசரிடம் போய்க் கேள்வியைக் கேட்டான்.

"ஒன்றும் தோன்றவில்லை, உத்தண்டி. கேட்க நினைத்ததெல்லாம் கேட்டாகிவிட்டது போலிருக்கிறது." பிறகு, ஏதாவது சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொன்னார். "தண்ணீர் குடிக்க ஒரு நல்ல பாத்திரம்."

பண்டகசாலையில் நவரத்தினம் பதித்த பொற்கிண்ணங்கள் ஏராளம் இருந்தன. உத்தண்டி அவற்றை நினைத்தான். பிறகு அரசரின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த பித்தளைச் சொம்பைப் பார்த்தான். தேய்த்துக் கொண்டுவருகிறேன் என்று பணிப்பெண்ணிடம் சொல்லி அதை எடுத்துக்கொண்டான். அதுவரை இருக்கட்டும் என்று, சடையனிடம் கேட்டு ஒரு பொற்கிண்ணத்தை வாங்கி அந்த இடத்தில் வைத்தான்.

நடந்ததைப் பூரணியிடம் சொன்னபோது அவள் சொம்பை வாங்கி ஒருமுறை பார்த்தாள். புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.

"நாளைக்கு நான் துணி விரிக்கிறேன்" என்றாள்.

"நாளைக்கு மாட்டிக்குவோம், பூரணி. அமைச்சர் சும்மா விடமாட்டாரு."

"அதுக்குத்தான் சொல்றேன். வீடு போறப்ப நான் அடுப்பங்கரையில உக்காந்துக்கிட்டு இருக்க முடியாது."

மறுநாள் சபை நிறைந்திருந்தது. பூரணி சிவப்புத் துணி மூட்டையை வைத்துக்கொண்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அரசர் இறங்கி வந்தார். முந்தைய இரவிலிருந்தே அவருக்கு என்னவோ போலிருந்தது. கிண்ணத்தில் இருந்த கற்கள் உதட்டைக் குத்தின. தண்ணீர் குடித்த மாதிரியே இல்லை.

பூரணி முடிச்சில் கை வைக்கும் முன் அனந்தராயர் முன்னால் வந்தார்.

"அரசே, நிறுத்த வேண்டும். இவர்கள் வியாபாரிகள் அல்லர். இந்த உத்தண்டி, தங்கள் பண்டகசாலையிலிருந்து தங்கள் பொருளையே எடுத்துத் தங்களுக்கே விற்றுக்கொண்டிருக்கிறான். முத்திரையை உடைத்தது ஒரு குற்றம். அரசரை ஏமாற்றியது இன்னொரு குற்றம். பணத்தைக் கையாடியது மூன்றாவது குற்றம்."

கண்ணாடி மூட்டையைக் கொண்டுவந்து சபை நடுவில் பிரித்துக் காட்டினார். பழைய முத்திரை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அரசர் அதைப் பார்த்தார். அந்தக் கண்ணாடியில் தம் முகத்தையும் பார்த்தார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. சத்தம் போட்டிருந்தால் சபைக்குப் பயம் குறைவாக இருந்திருக்கும்.

"உத்தண்டி. பதில் சொல்."

"தங்கள் கட்டளையைத் திருப்பிச் சொல்ல அனுமதி வேண்டும், அரசே. தினமும் ஒருவர் துணி விரிக்க வேண்டும் என்றீர்கள். ஒரு காலையும் தவறவில்லை. இந்தச் சபையில் யாரும் பார்த்திராத பொருள் வேண்டும் என்றீர்கள். அதற்கு அமைச்சரே சாட்சி."

"நானா?" என்றார் அனந்தராயர்.

"இந்தக் கண்ணாடி வந்தபோது தாங்கள் சொன்னது என்ன?"

அரசரே சொன்னார். "இப்படி ஒன்று இந்த நகருக்கு வந்ததே இல்லை என்றார். குடைக்கும் சொன்னார். கூண்டுக்கும் சொன்னார்."

"முன்பே வந்தது என்று தெரிந்தும் அப்படிச் சொன்னார் என்றால், நான் செய்ததாக அவர் சொல்லும் குற்றத்தில் அவருக்கும் பங்குண்டு. தெரியாமல் சொன்னார் என்றால், பண்டகசாலை அமைச்சரே பார்த்திராத பொருளை இந்தச் சபையில் வேறு யார் பார்த்திருப்பார்கள்?"

சபையில் யாரோ இருமினார்கள். அரசர் முகம் மாறவில்லை.

"முத்திரையை உடைக்கச் சொன்னது யார்?"

"தாங்கள்தான், அரசே. ஒவ்வொரு மாலையும் பெயரைச் சொல்லிக் கேட்டீர்கள். கேட்டதை வழக்கப்படி சடையன் எடுத்துக் கொடுத்தான். இந்த மழையில் தாங்கள் ஆசைப்பட்ட எந்தப் பொருளுக்காகவும் நான் ஆற்றைக் கடக்க வேண்டியிருக்கவில்லை."

அரசர் அடுத்த குற்றத்துக்குப் போனார்.

"பணம் எங்கே?"

"குடையை விரித்துப் பார்க்கலாம்."

குடையைக் கொண்டுவந்து விரித்தார்கள். பணமுடிப்பு கீழே விழுந்தது. அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. கண்ணாடி மூட்டையிலும் துணியின் அடியில் ஒன்று கிடந்தது. அதை அனந்தராயர் அவசரத்தில் கவனித்திருக்கவில்லை.

அரசர் சிரிக்கவில்லை. கோபத்துக்கு இடம் இல்லாமல் போன கோபம் அவருக்கு. சபை முழுவதும் தம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தண்ணீர் கேட்டார். பணிப்பெண் பொற்கிண்ணத்தில் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தட்டில் வைத்தார்.

"என் சொம்பு எங்கே?"

பணிப்பெண் தலைகுனிந்தாள்.

"என் சொம்பை எடுத்தது யார்?" இந்த முறை அவர் குரல் உயர்ந்தது. கண்ணாடிக்கும் குடைக்கும் உயராத குரல்.

பூரணி மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். சிவப்புத் துணியின் நடுவில், தேய்த்த பித்தளைச் சொம்பு நசுங்கிய பக்கத்தை வெளியே காட்டிக்கொண்டு இருந்தது.

முடிச்சு அவிழும் சத்தம் கேட்டது. அனந்தராயரின் தலை மெல்ல ஆடியது. "இப்படி ஒன்று இந்த நகருக்கு..." என்று அவர் வாய் தொடங்கியது. பாதியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சபை முழுவதும் கேட்டுவிட்டது.

அரசர் குனிந்து சொம்பை எடுத்தார். அவருடைய கட்டைவிரல் தானாகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தது. அத்தனை வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. வழக்கம்போல ஒருமுறை திருப்பிப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். வாய் பழக்கத்தில் கேட்டது. "என்ன விலை?"

"உங்க சொம்புக்கு நீங்க எதுக்கு மகாராஜா விலை கேக்கறீங்க?" என்றாள் பூரணி. "தண்ணி ஊத்திக் குடிங்க."

குடித்தார். முழுச் சொம்பையும் குடித்தார். குடித்து முடித்ததும்தான் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு, சொம்பைக் கீழே வைக்காமல் மார்போடு பிடித்துக்கொண்டு, சபை பார்த்தறியாத சிரிப்பாகச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்தார். ஒரு வியாபாரியின் முகத்தை அவர் பார்த்தது அதுவே முதல் தடவை.

"நீ எந்த நாடு, அம்மா?"

"கீழைத் தெரு, மகாராஜா. ஒழுகுற வீடு."

அரசர் நிமிர்ந்து கதவோரம் நின்றவர்களையும் பார்த்தார். ஐயாக்கண்ணு அன்றைக்கு மீசை ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் அரசருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"கடலில் இப்போது உப்பு எப்படி?"

"இன்னிக்குச் சரியா இருக்கு மகாராஜா" என்றார் ஐயாக்கண்ணு.

அரசர் அன்றே உத்தரவுகள் போட்டார். கீழைத் தெருவை யாரும் தொடக்கூடாது. மழையில் நடக்கிற எவருக்கும் பண்டகசாலைக் குடையைக் கொடுக்கலாம். மற்றப் பொருள்களையும் தேவைப்படுகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எதை எதைத் தாமே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய, தினமும் காலையில் ஒரு மூட்டை தம் முன்னால் அவிழ வேண்டும். ஒவ்வொன்றையும் அனந்தராயர்தான் தம் கையால் தூக்கிவந்து, முடிச்சை அவிழ்த்து, பெயரைச் சொல்ல வேண்டும். பழைய வாக்கியத்தை மட்டும் சொல்லக்கூடாது. இதில் கடைசிப் பகுதிதான் அமைச்சருக்கு மிகவும் சிரமமாக இருந்தது என்று சொல்கிறார்கள்.

யானைகள் கொட்டாரத்துக்குத் திரும்பின. பாதை திறந்ததும் வியாபாரிகளும் திரும்பி வந்தார்கள். அரசர் மூட்டை அவிழ்வதை ஆசையாகத்தான் பார்த்தார். அந்த ஆசை முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் முன் சடையனைத் திரும்பிப் பார்ப்பார். சடையன் பெரும்பாலும் தலையசைப்பான். அப்படிப்பட்ட பொருள் ஒன்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அரசர் வியாபாரிக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டு, உள்ளே இருப்பதை எடுத்துவரச் சொல்வார்.

சொம்பு திரும்பிய அன்றைக்கே உத்தண்டிக்கும் பரிசு உண்டு என்றார் அரசர். வேண்டியதைக் கேட்கச் சொன்னார். உத்தண்டி சபையைச் சுற்றிப் பார்த்தான். குடை, கூண்டு, கண்ணாடி, பொற்கிண்ணம் எல்லாம் அங்கேயே இருந்தன. அவன் அருகில் போய்க் காதோடு ஒன்று கேட்டான். அரசர் மறுபடியும் சிரித்துவிட்டு, அப்படியே ஆகட்டும் என்று மோதிரத்தைப் பதித்து ஓலை கொடுத்தார்.

மழை விடவில்லை. உத்தண்டியும் பூரணியும் ஒரே குடையில் தெருவுக்குத் திரும்பினார்கள். வீட்டுக்குள் பானை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பூரணி அதை எடுத்து வெளியே கொட்டிவிட்டு வந்து, மூட்டை கட்டி வைத்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைக்கத் தொடங்கினாள்.

"என்ன குடுத்தாரு ராஜா?" என்று கேட்டாள்.

"இந்த வீட்டை."

அவள் கையில் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள், ஒழுகும் கூரையைப் பார்த்தாள்.

"இது நம்மகிட்ட ஏற்கெனவே இருந்ததுதானே?"

"ஆமா" என்றான் உத்தண்டி. "நானும் அவருக்கு அதைத்தானே குடுத்தேன்."

பூரணி கரண்டியை அதன் ஆணியில் மாட்டினாள். பிறகு, சம்பளம் எதுவும் வாங்காமலே, சிரித்தாள்.